பயிற்சியாளர் போனார், நோய் போயிற்றா?

செப்டம்பர் 30 அன்று கார்லெஸ் குவாட்ராத் ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகினார். இந்தியன் சூப்பர் லீகின் 2024-25 பருவத்தில் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி: பெங்களூருவிடம், கேரளா பிளாஸ்டர்ஸிடம், கோவாவிடம். கோவாவுடனான ஆட்டத்தன்று சால்ட் லேக் அரங்கில் நானும் இருந்தேன். பயிற்சியாளரைத் திரும்பிப் போகச் சொல்லி எழுந்த கூச்சலில் என் குரலும் கலந்திருந்தது. மூன்றாம் நாள் அவர் உண்மையாகவே போய்விட்டார். கேட்டது கிடைத்த நாளிலிருந்துதான் எனக்கு உறுத்தல்.

இந்த அணிக்கு நான் பிறப்பால் உரியவனல்லன். 2019 மார்ச்சில் ஐ-லீக் கோப்பையைக் கோவையில் சென்னை சிட்டி வென்றபோது மகிழ்ந்து கைதட்டியவன். நாங்கள் 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்கால் 42. ஆய்வுக்காகக் கொல்கத்தா வந்த பின், அந்த ஒரு புள்ளியை இன்னும் மறக்காதவர்களின் நடுவில் வந்து அமர்ந்தேன். என்னை இழுத்தது முதலில் பந்தன்று, பேச்சு. 1920இல் தொடங்கிய இக்கழகம், பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இழந்த ஊரின் இடத்தில் நின்றது. பேரப்பிள்ளைகள் வீட்டில் கைவிட்டுவரும் அந்த வட்டார வழக்கு, ஆட்டநாளில் மட்டும் கூச்சமின்றி உரக்க ஒலிக்கும். மொழியியல் படித்தவன் அதைக் கேட்டபின் எழுந்துபோக முடியுமா?

அந்த மக்களுக்குக் குவாட்ராத் கொடுத்தவை சிறியனவல்ல. 2023 ஆகஸ்டில், டூரண்ட் கோப்பையில் நம் நந்தகுமார் சேகர் அடித்த ஒரே கோலால் மோகன் பகானை வீழ்த்தியபோது, நான்கரை ஆண்டுத் தாகம் தணிந்தது. 2024 ஜனவரியில் புவனேசுவரத்தில் ஒடிசாவைக் கூடுதல் நேரத்தில் 3-2 என வென்று சூப்பர் கோப்பையைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் கிடைத்த முதல் தேசியக் கோப்பை அது.

அவர்மீது பிழையே இல்லை என்று வாதிட வரவில்லை. முந்தைய பருவத்தில் லீகிலேயே அதிக கோல் அடித்த தியாமந்தகோஸ் அப்போது நம் அணியில் இருந்தார். ஜீக்சன் சிங்கும் வந்தார். இருந்தும் தற்காப்பு வரிசை ஒழுங்குபடவில்லை. கோவாவுக்காக மூன்று கோலையும் அடித்த போர்ஹா எர்ரேரா, ஜனவரியில்தான் இங்கிருந்து கோவாவுக்கு அனுப்பப்பட்டவர். இதற்கெல்லாம் பயிற்சியாளர் விடை சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அவர் ஒருவர்தான் விடை சொல்ல வேண்டியவரா? சூப்பர் லீகில் 2024-25க்கு முன் நாம் ஆடி முடித்த நான்கு பருவங்களின் நிலைகள்: ஒன்பது, பதினொன்று, ஒன்பது, ஒன்பது. இதற்குள் ஃபவுலர், தியாஸ், ரிவேரா, கான்ஸ்டன்டைன், குவாட்ராத் என ஐந்து பேர். ஆங்கிலேயர் வந்தாலும் ஸ்பானியர் வந்தாலும் அட்டவணையில் நம் இடம் அசையவில்லை. ஐந்து மருத்துவர்கள் மாறியும் காய்ச்சல் தணியாவிட்டால், ஆறாவது மருத்துவரைத் தேடுவதற்கு முன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க வேண்டாமா?

அந்தக் கிணறு எதுவென்பது ஊரறிந்தது. 2018க்கும் 2022க்கும் இடையில் முதலீட்டாளர்கள் மூன்று முறை மாறினர். 2020இல் சூப்பர் லீக் நுழைவே பருவம் தொடங்கச் சில வாரங்கள் இருக்கையில்தான் உறுதியானது. 2022இல் புதிய முதலீட்டாளருடன் ஒப்பந்தம் கையெழுத்தானதே ஆகஸ்டில். மற்ற அணிகள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்து முடித்த பிறகு, எஞ்சியவர்களைக் கொண்டு நாம் அணி கட்டினோம். ஒரு புள்ளியில் கோப்பையைத் தவறவிட்ட மெனெந்தெஸையும் அடுத்த பருவம் முடியும்வரை நாம் வைத்திருக்கவில்லை.

ஒவ்வொரு பயிற்சியாளரும் ஓர் இலக்கணத்தோடு வருகிறார். எங்கே நிற்பது, எப்போது நெருக்குவது, யாருக்காக இடம் விடுவது என்பதெல்லாம் எண்ணாமலே வரும்வரை ஆட்டக்காரர்கள் பழக வேண்டும். பாதி கற்றதும் இலக்கணத்தை மாற்றினால், முந்தையதும் நிற்காது, புதியதும் ஏறாது.

மாற்றத்தால் சில வாரம் ஊக்கம் பிறக்கலாம் என்பார்கள், பிறக்கட்டும். அந்த ஊக்கத்தில் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவற்றை மறந்துவிடக் கூடாது. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பவர் யார்? அத்தேர்வு பிழைத்தால் பொறுப்பேற்பவர் யார்? வரவிருக்கும் பயிற்சியாளருக்கு முழுதாக இரண்டு பருவங்கள் தர முடியுமா?

2004க்குப் பின் 2024 வரை தேசிய லீக் பட்டம் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. இருபது ஆண்டுகள் காத்திருந்த கூட்டத்துக்கு இன்னும் இரண்டு பருவங்கள் பெரிதல்ல. அடுத்த தோல்வியன்றும் மாடத்தில் கூச்சல் எழும். அன்று என் குரலும் எழும். ஆனால் அது பயிற்சியாளரின் இருக்கையை நோக்கியதாக இராது.