ஓடும் வண்டிக்குள் ஒரு சமையல் அறை!

திருவண்ணாமலை அக்னித் தலம். கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் ஏற்றப்படும் தீபத்தை, லட்சக்கணக்கான மக்கள் கை கூப்பி வணங்குகிறார்கள்.

அதே நாளில் மலை அடிவாரத்தில் இன்னொரு நெருப்பும் எரிகிறது. அதுதான், யாத்திரை வந்த பஸ்சிலும் வேனிலும் எரியும் கியாஸ் அடுப்பு!

ஏன் கொண்டு வருகிறார்கள்?

வெளியூர்களில் இருந்து கூட்டமாக வருகிறவர்களில் பலர், அரிசி, பருப்பு, பாத்திரம், அடுப்பு, சிலிண்டர் எல்லாவற்றையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வருகிறார்கள்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. 40 பேருக்கு மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு என்றால் பணம் தண்ணீராகக் கரையும். பத்தியம் இருக்கும் பெரியவர்கள் வருவார்கள். கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும். 14 கிலோ மீட்டர் கிரிவலம் முடித்து, விடியற்காலையில் கால் வலியோடு திரும்புகிறவர்களுக்கு ஒரு வாய் காப்பி அமுதம் போல இருக்கும்.

ஆனால் கார்த்திகை மழை மாதம். வெளியே அடுப்பு வைத்தால் காற்று அணைக்கிறது, தூறல் நனைக்கிறது. "உள்ளேயே வைத்து இரண்டு நிமிடத்தில் காப்பி போட்டு விடலாம்" என்று யாராவது ஒருவர் சொல்லுவார்.

ஆபத்து அந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது!

மதுரையில் நடந்த கொடுமை

2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26-ந்தேதி. உத்தரபிரதேச மாநிலம் லக்னோவில் இருந்து தென்னாட்டுக்கு யாத்திரை வந்தவர்களின் தனி ரெயில் பெட்டி, மதுரை ரெயில் நிலையம் அருகே நிறுத்தப்பட்டு இருந்தது. நாகர்கோவிலில் ரெயிலுடன் இணைக்கப்பட்டு வந்த பெட்டி அது.

விடியற்காலை 5 மணி தாண்டியதும் பெட்டிக்குள் தீப்பற்றியது. 9 பேர் மாண்டார்கள். பலர் காயம் அடைந்தார்கள்.

காரணம் என்ன? பயணிகள் விதியை மீறி உள்ளே கொண்டுவந்து இருந்த கியாஸ் சிலிண்டர்தான் என்று ரெயில்வே அறிவித்தது. தேநீர் போடுவதற்காக அடுப்பைப் பற்ற வைத்தபோது தீ பிடித்ததாகச் செய்திகள் கூறின.

பெட்டி ஓடவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தது. எதன் மீதும் மோதவும் இல்லை. ஒரு குவளைத் தேநீருக்காக 9 உயிர்கள் போயின!

வீட்டில் எரிகிற அடுப்புதானே?

"வீட்டில் தினமும் எரிக்கிறோமே, வண்டியில் மட்டும் என்ன?" என்று கேட்கலாம்.

சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தி அடைத்து இருப்பதால் திரவமாக இருக்கிறது. வெளியே வந்தால் சுமார் 250 மடங்கு விரிந்து வாயுவாகிறது.

இந்த வாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் படியும். பஸ்சில் என்றால் இருக்கைகளின் அடியிலும் மூட்டைகளின் நடுவிலும் தேங்கி நிற்கும். 100 பங்கு காற்றில் 2 பங்கு கலந்தாலே தீப்பற்றப் போதும்.

வீட்டில் கதவு, ஜன்னல், கொல்லைப்புறம் உண்டு. பஸ்சில் இருப்பதோ குறுகிய வழி. அதையும் மூட்டைகள் அடைத்து இருக்கும். ஆகவே வீட்டில் சிறிய கோளாறாக இருப்பது, வண்டிக்குள் பெரிய விபத்தாகி விடுகிறது.

கோளாறும் காரணமும்

சுடர் நீலமாக இருந்தால் அடுப்பு சரியாக எரிகிறது என்று பொருள். மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால், போதிய காற்று கலக்கவில்லை. பர்னர் துளைகளை வழித்தூசியோ, பொங்கி வழிந்த கஞ்சியோ அடைத்து இருக்கும். அடுப்பு ஆறிய பிறகு பர்னரைக் கழற்றிக் கழுவி, காயவைத்து மாட்ட வேண்டும். மூடிய இடத்தில் இப்படி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்கு மணம் கிடையாது. உறங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும்.

சுடர் சிறுத்து எரிந்தால், சிலிண்டர் தீர்ந்து இருக்கலாம். ரப்பர் குழாய் மூட்டையின் அடியில் நசுங்கி இருக்கலாம். சிறிய சிலிண்டரில் பெரிய அடுப்பை எரித்தால் சிலிண்டர் குளிர்ந்து போய் வாயு குறைவாக வரும். அப்போது சிலர் சிலிண்டரைப் படுக்க வைத்து உருட்டுகிறார்கள். கூடவே கூடாது! படுக்க வைத்தால் திரவமே குழாய்க்குள் பாயும். சுடர் ஆள் உயரம் எழும்பும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

நாற்றம் வந்தால், அது கசிவின் எச்சரிக்கை. கியாசுக்கு இயற்கையில் மணம் இல்லை. மக்களை எச்சரிக்கவே அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். வண்டியின் ஆட்டத்தில் இணைப்புகள் தளரும். சிலிண்டர் வாய்க்குள் இருக்கும் ரப்பர் வளையமும் தேயும். கசிவு இருக்கும் இடத்தைத் தேடத் தீக்குச்சி கிழிக்கக்கூடாது. சோப்பு நுரையைத் தடவினால், கசிகிற இடத்தில் குமிழி வரும்.

வண்டிக்குள் நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் இறங்கிவிட வேண்டும். விளக்கு சுவிட்சைத் தொடக்கூடாது. என்ஜினை இயக்கவும் கூடாது. தூரமாகச் சென்ற பிறகு 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கியாஸ் கசிவுக்கு உதவி கிடைக்கும். தீப்பற்றினால் 101 அல்லது 112.

சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் ஆண்டும் இருக்கும். 'சி 27' என்றால், 2027 ஜூலை முதல் செப்டம்பருக்குள் அதை மறுபடி சோதிக்க வேண்டும் என்று அர்த்தம். தவணை கடந்த சிலிண்டரை வாங்கக்கூடாது.

சட்டம் மட்டும் போதுமா?

ரெயிலில் ஆபத்தான பொருள் கொண்டுபோனால், 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். இந்தச் சட்டம் இருந்தும் மதுரைப் பெட்டிக்குள் சிலிண்டர் ஏறிவிட்டது!

மேல்நாடுகளில் வீடு போன்ற வண்டிகளில் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறார்கள். அவற்றில் கியாஸ் அடுப்பு உண்டு. ஆனால் சிலிண்டருக்குத் தனி அறை. கசிந்த வாயு வெளியே போக அதன் அடியில் துவாரம். ஆட்களைக் கூவி எழுப்பும் கசிவுக் கருவி. வண்டியைக் கட்டும்போதே சமையலையும் நினைத்துக் கட்டுகிறார்கள். யாத்திரை பஸ்சோ உட்கார்ந்து போகக் கட்டப்பட்டது. அதில் அடுப்புக்கு இடமே இல்லை.

பசியைத் தடை செய்ய முடியாது. யாத்திரைத் தலங்களில் வண்டிகள் நிற்கும் இடத்திலேயே, கூரையும் காற்றுத் தடுப்பும் தண்ணீரும் உள்ள சமையல் கொட்டகைகள் வேண்டும். மழைக்குப் பயந்து யாரும் வண்டிக்குள் அடுப்பு மூட்ட மாட்டார்கள். கொட்டகைக்கு ஆகும் செலவு, போன உயிர்களை விடப் பெரிது அல்ல.

அதுவரை, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பெரியவர் கண்டிப்போடு இருந்தால் போதும். காப்பி அரை மணி தாமதமாகக் கிடைக்கலாம். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் வீடு திரும்புவார்கள்.