பெயரொற்றுமையும் ஆளொற்றுமையும்

காரைக்காலினின்று நாகப்பட்டினம் நோக்கித் தெற்கே செல்லும் பெருவழியிலே திருமலைராயன்பட்டினம் என்னும் ஊர் இருக்கின்றது. 15ஆம் நூற்றாண்டிலே சோணாட்டின் இப்பகுதியை ஆண்ட திருமலைராயன் என்பான் பெயரை ஊரும் தாங்கி நிற்கின்றது. திருமலைராசனாறு எனக் காவிரியின் கிளையொன்றும் தாங்கி ஓடுகின்றது. மன்னன், ஊர், ஆறு என்னும் மூன்றுக்கும் பெயர் ஒன்றேயாயினும், ஆற்றைக் கண்டு அரசனென்று கைகூப்புவார் ஒருவருமிலர். அஃறிணைப் பொருள்கள்பால் நமக்கு இவ்வளவு தெளிவு உண்டு. மக்கள்பால், அவருள்ளும் பெண்மக்கள்பால், அத்தெளிவு நம்மை விட்டு நீங்கிவிடுகின்றது என்பதே யான் இங்கு முறையிடப் புகுந்த செய்தி.

தமிழ் கற்றார் இவ்வூரை அறிந்திருப்பது காளமேகப் புலவரால். வரதன் என்னும் இயற்பெயருடைய அவர், திருமலைராயன் அவையிலே அதிமதுரகவி முதலாய புலவர் 64 பேரை எதிர்த்து எமகண்டம் பாடினாரென்றும், பின்னர்ச் சினந்து இவ்வூரின்மேல் மண்மாரி பொழிகவெனப் பாடினாரென்றும் கதை வழங்குகின்றது. (மண்மாரிக்கு ஆளான ஊர் இன்றும் குடியும் கோயிலுமாக நன்றாகவே இருக்கின்றது. புலவர் சினம் அக்காலத்தும் சிறிது நேரமே நின்றது போலும்!) அவருடைய தனித்திறம் சிலேடை. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒருங்கே பொருந்தப் பாடுவார். பாம்புக்கும் எள்ளுக்கும் பாடுவார். கேட்போர் மகிழ்வது எதனால்? சொல் ஒன்றாயினும் பொருள் இரண்டென்பதை ஒரு கணமும் மறவாமையினால் அன்றோ? பாம்பையே வாழைப்பழமென்று மயங்குவானுக்குச் சிலேடையிற் சுவையுமில்லை, உயிருக்கு உறுதியுமில்லை.

இனி, அவ்வூருக்கு அணித்தாகிய காரைக்காலிலேயே பெயரொற்றுமை பற்றிய அரிய வரலாறு ஒன்று நிகழ்ந்துள்ளது. 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் அதனைப் பெரியபுராணத்தில் வைத்துப் பாடினார். தனதத்தன் மகளாகிய புனிதவதியார் இறைவனருளால் மாங்கனி வருவித்ததைக் கண்ட கணவன் பரமதத்தன், இவர் மானிடரல்லர் என அஞ்சிக் கலமேறிப் போயினான். போனவன் திரும்பி வந்தானல்லன். பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றிலே வேறொரு வணிகன் மகளை மணந்து, தனக்குப் பிறந்த பெண்மகவுக்கு முன்னை மனைவியின் பெயரையே இட்டு வாழ்ந்தான். செய்தியறிந்த சுற்றத்தார் புனிதவதியாரைச் சிவிகையிலேற்றி அவனிடம் அழைத்துச் சென்றனர். அவன் புதிய மனைவியோடும் மகளோடும் வந்து அவர் அடியில் வீழ்ந்து வணங்கினான்.

கதை கேட்போர் இவ்விடத்திற் கணவனையும் மனைவியையுமே நோக்குகின்றனர். யான் பலகாலும் நோக்குவது அச்சிறுமியை. ஒரே இடத்தில் இரண்டு புனிதவதியார் இருக்கின்றனர். ஒருவர் மற்றவரை வணங்கிக் கிடக்கின்றார். சிறிது பொழுதிற் பெரியவர் தம் தசைப்பொதியை உதறிப் பேய்வடிவு வேண்டிப் பெறுகின்றார். அதன்பின் அவர் தம் பாட்டுக்களிலே தம்மைக் காரைக்காற்பேய் என்று குறித்துக்கொண்டாரேயன்றிப் புனிதவதி என்று குறித்தாரல்லர். பெற்றோர் இட்ட பெயரை அம்மகவுக்கே விட்டுவிட்டுத் தம் ஊரை மட்டும் எடுத்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகின்றது. அச்சத்தாலும் பத்தியாலும் தந்தை இட்ட பெயரைச் சுமந்த அச்சிறுமி பின்பு என்ன ஆயினாள் என்று நம்மில் ஒருவரும் வினவியதில்லை. ஆயினும் அவள் வேறு, இவர் வேறு என்பதைச் சேக்கிழார் நமக்குத் தெளிவாக வைத்துப் போயினார். அந்த மட்டில் நாம் பேறுடையேம்.

அப்பேறு ஔவைக்கு வாய்க்கவில்லை. அம்மை என்பதும் அவ்வை என்பதும் தாயைக் குறிக்கும் சொற்களே. காரைக்கால் அம்மையார்க்கு ஊர்ப்பெயர் முன்னின்று காவல் செய்தது. ஔவையார்க்கு அவ்வாறு முன்னிற்பது ஒன்றுமில்லை. அதனால் அப்பெயர் பூண்டோர் அனைவரையும் ஒரு கிழவியாக்கி, அவள் கையிலே ஒரு கோலையும் கொடுத்துவிட்டோம்.

சங்கத் தொகைநூல்களில் ஔவையார் பெயரால் உள்ள பாட்டுக்கள் 59. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. பெண்பாற் புலவருள் இத்துணைப் பாட்டுடையார் பிறர் இலர். இவர் அதியமான் நெடுமான் அஞ்சியின் அவைக்களத்திருந்தவர். அவன்பொருட்டுத் தொண்டைமானிடம் தூது போனவர். அவன் இறந்தபின், அவனோடு கள்ளும் ஊனும் பகிர்ந்துண்ட நாட்களை நினைந்து கையற்றுப் பாடியவர். எஞ்சிய 26 பாட்டும் அகத்துறையின. காதற்பட்ட பெண்ணின் தவிப்பையும் வெகுளியையும் அவற்றிற்போல் அஞ்சாது சொன்னவை சிலவே. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி என்பவற்றைச் சிறார்க்கு அருளிச்செய்தவர் பன்னூறாண்டு பிற்பட்டவர். சோழப் பேரரசின் காலத்தவரென அறிஞர் பலரும் கொள்வர். யோகநெறி கூறும் விநாயகர் அகவலோ இவ்விரண்டிலும் சேராத வேறு நடையும் வேறு நோக்கமும் உடையது. மொழியும் யாப்பும் சமயமும் வாழ்க்கையும் வேறுபட்ட இவரை ஒருவரென்று கொள்ளுதற்கு அதியமான் அளித்த நெல்லிக்கனி நமக்கு உதவியாயிற்று. அதனை உண்டமையால் ஆயிரம் ஆண்டுக்கு மேலும் வாழ்ந்தாள் என்று சொல்லிவிட்டால் காலக்கணக்கு நேராகிவிடுமல்லவா?

மணத்துக்கு அஞ்சிய இளம்பெண் ஒருத்தி விநாயகரை வேண்டி நொடியில் நரைமூதாட்டியானாள் என்றும் கதை உண்டு. 1953ஆம் ஆண்டு ஜெமினியார் வெளியிட்ட ஔவையார் படத்திலே கே. பி. சுந்தராம்பாள் பாடி நடித்த அவ்வடிவமே இன்று நம் சிறார் நெஞ்சில் நிற்பது. அவர் பாட்டின் இனிமைக்குக் குறை சொல்லேன். ஆனால் கதையிலே விநாயகர் செய்ததை வரலாற்றிலே நாம் செய்துவிட்டோம்: அரசவையில் வீறுடன் நின்ற ஒருத்தியை இளமை பறித்துக் கிழவியாக்கினோம். கிழவியின் வாயில் அகப்பாட்டுப் பொருந்தாது. கள்ளும் ஊனும் அறவே பொருந்தா. ஆகவே அவை மறைந்தன. பள்ளிச் சிறுவனை ஔவையார் பாடியவை யாவை என்று வினவிப் பாருங்கள். அந்த 26 பாட்டுள் ஒன்றேனும் அவன் நாவில் வாராது.

நக்கீரரையும் இவ்வாறே கலந்ததுண்டே என்பீர்கள். உண்மை. சங்கத்து நக்கீரரும் பதினோராந் திருமுறையில் வரும் நக்கீரதேவ நாயனாரும் ஒருவராகவே எண்ணப்பட்டனர். அதனால் அவர்க்குப் புகழ் கூடிற்றேயன்றிக் குறைந்ததில்லை. ஔவைக்கோ பெயர் மிகுந்து ஆள் குறைந்தது.

இம்மயக்கம் தமிழர்க்கே உரியதன்று. மிஷன் கலாசாலையிற் பயின்றார்க்கு மரியாள் என்னும் பெயர் சுவிசேஷங்களிற் பலர்க்கு வழங்குவது தெரியும். யோவான் சுவிசேஷமோ, சீடருள் மற்றொரு யூதாவைக் குறிக்க நேர்ந்தபோது அவன் ஸ்காரியோத்தல்லாதவன் என்று ஒரு சொல் சேர்த்து அவன் மானத்தைக் காத்தது. மகதலேனா மரியாளுக்கு அவ்வொரு சொல் உதவவில்லை. 591ஆம் ஆண்டிலே பாப்பரசர் மகா கிரகோரியார் தம் பிரசங்கத்தில் அவரையும், பெத்தானியா ஊர் மரியாளையும், லூக்கா பெயர் சொல்லாது விட்ட பாவியாகிய ஸ்திரீயையும் ஒருத்தியே என்றார். கீழைத் திருச்சபைகள் அதனை ஏற்றில. மேலைச் சபையிலோ உயிர்த்தெழுந்த ஆண்டவரை முதற்கண் கண்டவர் என்னும் சிறப்புடைய ஒருவர், 1969இல் ரோமைத் திருநாட்குறிப்புத் திருத்தப்படும்வரை, பிறர் பாவத்தைத் தம்மேல் ஏற்றுச் சித்திரங்களிலே அழுது நின்றார்.

காரைக்காலுக்கு வடக்கே அதே கடற்கரையிலுள்ள பூம்புகார்க் கண்ணகியை யார் அறியார்? கண்ணகி என்னும் பெயரார் வேறொருவரும் இருந்தார் என்பதை அறிவார் சிலரே. அவர் வையாவிக் கோப்பெரும் பேகன் மனைவி. மயிலுக்குப் போர்வை ஈந்த அவ்வள்ளல் மனைவியைத் துறந்து வேறொருத்தியை நாடினான். அவனை இரந்து கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் நால்வர் பாடிய ஐந்து பாட்டுக்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ளன. அக்குறிப்புக்களில் அவர் பெயர் இருக்கின்றது. மயிலை நாம் மறக்கவில்லை, மனைவியை மறந்தோம். காப்பியக் கண்ணகியின் பேரொளி அவரை மூடிக்கொண்டது.

சிறார்க்கு ஒரு பாட்டி இருந்துவிட்டுப் போகட்டுமே, அதனால் என்ன கேடு என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். பிற்காலத்துப் பெண்ணொருத்தி பழைய ஔவையின் பெயரை விரும்பிப் பூண்டிருப்பின் அது அவளுக்குப் பெருமை. அதனைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. பாட்டியின்மேலும் எனக்குப் பகையில்லை. அவளுக்குரிய நான்கு நூலும் அவளுடையனவாகவே இருக்க. பாடத்தில் ஔவையார் என்று வாளா எழுதாது, அதியமான் அவை ஔவையார் என்றும் ஆத்திசூடி ஔவையார் என்றும் எழுதினாற் போதும். ஈரொரு சொல்லுக்குத் தாளும் மையும் மிகுதியாகா. புறநானூறு 1894இல் உ. வே. சாமிநாதையரால் அச்சேறும் முன்னே இக்குழப்பத்துக்கு மன்னிப்பு இருந்தது. நற்றிணையும் குறுந்தொகையும் 1915இல் வெளிவந்தபின் அஃது இல்லை.

அக்குறுந்தொகையை முதன்முதல் அச்சிட்டவர் பெயரையே காண்க: திருக்கண்ணபுரத்தலத்தான் திருமாளிகைச் சௌரிப்பெருமாளரங்கன். சௌரிப்பெருமாள் என்பது அவ்வூர் இறைவன் பெயர். மாசிமகத்திலே திருமலைராயன்பட்டினத்துக் கடலுக்குத் தீர்த்தமாட எழுந்தருளுபவர் அவரே. தெய்வத்தின் பெயரை அங்குள்ளார் பலரும் தாங்குவராதலின், புலவர் தம் ஊரையும் திருமாளிகையையும் முன்னே நிறுத்திக்கொண்டார். நம் வகுப்பில் ஒரே பெயருடையார் மூவர் இருந்தபோது வருகைப் பதிவில் ஊரின் முதலெழுத்தும் தந்தையின் முதலெழுத்துமே மூவரையும் காத்தன. ஒருவன் வாராமைக்கு மற்றவன் தண்டம் இறுக்க நாம் ஒருப்பட்டோமா?

இக்கட்டுரை எழுதத் தொடங்குமுன் நம் கலாசாலைப் புத்தகசாலைக்குச் சென்று ஔவையார் என்னும் அட்டையைப் பார்த்தேன். எல்லா நூலும் ஒரே அட்டையில் இருந்தன. புத்தகசாலைப் பொறுப்பாளரிடம் முறையிட்டபோது அவர் பொறுமையாகக் கேட்டு, வெற்றட்டைகள் எடுத்து, ஒன்றில் அதியமான் அவை ஔவையார் என்றும், மற்றொன்றில் ஆத்திசூடி ஔவையார் என்றும் எழுதினார். விநாயகர் அகவலைக் கையிலெடுத்ததும் சற்றே நின்று என் முகத்தைப் பார்த்தார். பின்பு மூன்றாவது அட்டை ஒன்றை எடுத்து, மற்றை ஔவையார் என்று எழுதிப் பெட்டியிற் செருகிவிட்டார்.