மூலையைக் காத்தால் தொட்டி நிற்கும்

சிவகாசிக்கும் ஈரத்துக்கும் ஆகாது. தீக்குச்சி மருந்து நமத்துப்போனால் எத்தனை முறை உரசினாலும் பற்றாது. திரி ஈரம் குடித்த வெடி புஸ்ஸென்று அடங்கிவிடும். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் அது தானாகவே சூடேறும், விபத்திலும் முடியும். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து இங்கே தொடங்கியபோது, அதற்குத் துணை நின்றது இந்த வறண்ட வானிலைதான். தண்ணீரை வெளியே நிறுத்துவது விருதுநகர் வட்டாரத்துக்குக் கைவந்த கலை.

தண்ணீரை உள்ளே நிறுத்துவது வேறு கதை. மீன் வளர்க்கும் ஆசை வந்து, பெரிய கண்ணாடித் தொட்டியின் விலையைக் கேட்டு மலைத்து, “பிளைவுட்டில் நாமே செய்தால் என்ன?” என்று ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. செய்யலாம். மூன்று பக்கமும் அடியும் பலகை, முன்பக்கம் மட்டும் கண்ணாடி. ஆனால் ஒழுகாத தொட்டி அமைவது பலகையின் கனத்தால் அல்ல. மூலைகளில் காட்டும் பொறுமையால்.

முதலில் கணக்கு

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 680 லிட்டர் பிடிக்கும். 15 லிட்டர் குடத்தில் 45 குடம். கோடையில் தண்ணீர் வண்டிக்காகக் காத்திருக்கும் தெருவில் இது சின்னக் கணக்கில்லை. ஓர் இரவில் ஒழுகிப்போனால் தண்ணீரும் போகும், மீனும் போகும், தரையில் இருக்கும் மெத்தையும் அரிசி மூட்டையும் நனையும்.

எடையும் அப்படித்தான். தண்ணீர் மட்டுமே 680 கிலோ. மணல், கண்ணாடி, பலகை எல்லாம் சேர்ந்தால் 800 கிலோவைத் தாண்டிவிடும். வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ உபயோகச் சுமை என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். இந்தத் தொட்டி நிற்கும் இடத்தில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இறங்கும். ஆகவே தரைத்தளமே நல்லது. மாடிதான் வேண்டும் என்றால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் வைக்கவே கூடாது.

முன்பக்கக் கண்ணாடியைத் தண்ணீர் தள்ளும் விசை சுமார் 340 கிலோ. ஐந்து ஆட்கள் இரவு பகலாக அதன்மேல் சாய்ந்து நிற்பது மாதிரி. நிரப்பிய நாளிலிருந்து அந்த ஐந்து பேரும் ஒரு நிமிடம்கூட ஓய மாட்டார்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நான்கு அடிக்குக் குறைந்த தொட்டி என்றால் கடையில் கண்ணாடித் தொட்டி வாங்குவதே லாபம். ரெசின், ஃபைபர் துணி, சிலிக்கான் செலவைக் கூட்டினால் சின்ன பிளைவுட் தொட்டி கட்டுப்படியாகாது. தொட்டி பெரிதாகப் பெரிதாகத்தான் பலகை கைகொடுக்கும்.

தீப்பெட்டி தெரிந்தால் பிளைவுட் தெரியும்

மரப்பட்டையில் தீப்பெட்டி செய்த காலத்தைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. மரத்துண்டைச் சுற்றவிட்டு, தோல் உரிப்பதுபோல மெல்லிய தகடாகச் சீவி, மடித்து ஒட்டிப் பெட்டியாக்குவார்கள். பிளைவுட்டும் அதே சீவல்தான். ஒரு சீவலின் ரேகை நீளவாக்கில் இருந்தால், அடுத்ததன் ரேகை குறுக்குவாக்கில் இருக்கும்படி அடுக்கிப் பசை போட்டு அழுத்தியிருப்பார்கள்.

அதனால் பிளைவுட்டின் முகத்தைவிட அதன் விளிம்புதான் ஆபத்தானது. வெட்டிய விளிம்பில் ஒவ்வொரு அடுக்கும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அங்கே ஒரு சொட்டு நுழைந்தாலும் உறிஞ்சு குழாய்போல உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு பலகை உப்பும், அடுக்கு பிரியும். திருகாணி இறங்கிய துளையும் அப்படி ஒரு வாசல்தான்.

வாங்கும்போது பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் மரைன் பிளைவுட். 18 அல்லது 19 மில்லிமீட்டர் கனம் போதும். பசை தண்ணீரைத் தாங்கும் என்பதுதான் அந்த முத்திரையின் பொருள். மரம் தண்ணீரைக் குடிக்காது என்று பொருள் இல்லை. மரைன் பலகைக்கும் பூச்சு வேண்டும்.

முட்டத்துப் படகு சொல்லும் பாடம்

பலகையும் தண்ணீரும் சேர்ந்து வாழ முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தை நினைத்துக்கொள்ளலாம். கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் ஏற்ற பெரிய மரங்கள் கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறிப்போன காலம். 1980களின் தொடக்கத்தில், பியர் ஜில்லே என்பவரின் முயற்சியில் அங்கே பிளைவுட் படகுகள் உருவாயின. பின்னர் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பின் படகுத் தளங்களும் அவற்றைக் கட்டின. ஃபைபர் படகுகள் பரவும்வரை அவை அலையோடு மோதிப் பிழைப்புக் கொடுத்தன.

முறை எளிமையானது. பலகைகளின் விளிம்பில் துளையிட்டுத் துணி தைப்பதுபோல இணைத்துக் கட்டுவார்கள். அந்தத் தையலின் மேல் ரெசினில் நனைத்த ஃபைபர் பட்டையை ஒட்டுவார்கள். அது இறுகியதும் இரண்டு பலகை ஒரே உடம்பாகிவிடும். படகில் தண்ணீர் வெளியே, தொட்டியில் தண்ணீர் உள்ளே. வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டிலும் உயிரைக் காப்பது மூட்டு.

மூலையை மூடும் விதம்

பலகைகளைச் சேர்க்கும்போது விளிம்புகளில் எபாக்ஸியைத் தாராளமாகத் தடவி, நான்கைந்து அங்குலத்துக்கு ஒரு திருகாணி போட வேண்டும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியே நல்லது. அதன் தலை பலகைக்குள் அமிழ்ந்து, மேலே எபாக்ஸி மூடியிருக்க வேண்டும்.

அடுத்ததுதான் பலரும் தவறவிடும் இடம். ஃபைபர் துணி கூர்மையான மூலையில் மடியாது. ஒட்டினாலும் பின்னால் காற்று நின்றுவிடும். பின்னாளில் அந்த இடத்தில்தான் விரிசல் வரும். அதனால் எபாக்ஸியில் சலித்த மரத்தூளைக் கலந்து, சப்பாத்தி மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து, எல்லா உள்மூலைகளிலும் அப்பி, கரண்டியின் முதுகால் வழித்து வளைவாக்க வேண்டும். மூலை கூராக இல்லாமல் கிண்ணத்தின் அடிபோல உருண்டு வந்தால் துணி ஒட்டிக்கொண்டு படுக்கும்.

எபாக்ஸிக்கு நெய்த ஃபைபர் துணியே ஏற்றது. கடையில் மலிவாகக் கிடைக்கும் நார் விரிப்பின் பிணைப்புப் பசை பாலியெஸ்டர் ரெசினில்தான் கரையும். எபாக்ஸியில் கரையாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும். மூலைகளில் இரண்டு அடுக்கு, மற்ற இடங்களில் ஓர் அடுக்கு துணி. அதன்மேல் இரண்டு, மூன்று கை எபாக்ஸி. ஒவ்வொரு கையும் காய்ந்தபின் மெழுகு மாதிரி ஒரு படலம் மேலே வரலாம். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, உப்புத்தாள் போட்ட பிறகே அடுத்த கை. கழுவாமல் பூசினால் மேல்பூச்சு உரிந்து வந்துவிடும்.

மருந்து கலக்கும் ஊருக்கு ஓர் எச்சரிக்கை

ரெசினும் ஒரு மருந்துதான். எபாக்ஸியையும் ஹார்ட்னரையும் கலந்தவுடன் கலவை சூடேறத் தொடங்கும். 40 டிகிரி வெயிலில் ஒரு லிட்டரை மொத்தமாகக் குவளையில் கலந்தால் சில நிமிடங்களில் புகை வந்து, கல்லாகிப் போகும். கலவை பயன்படும் நேரம் 10 டிகிரி வெப்பம் கூடினால் ஏறத்தாழப் பாதியாகும். விடியற்காலையில், கால் லிட்டர் கால் லிட்டராகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றிப் பூசுவதே வழி.

பாலியெஸ்டர் ரெசின் வாங்கியவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. அதோடு கோபால்ட் என்று ஒரு சீசாவும், ஹார்ட்னர் என்று ஒரு சீசாவும் தருவார்கள். இவை இரண்டும் நேரடியாக ஒன்றையொன்று தொடவே கூடாது. தொட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். இரண்டு சீசாக்களையும் ஒரே தட்டில் வைப்பதுகூட வேண்டாம். இந்த வம்பே வேண்டாம் என்பவர்கள் எபாக்ஸியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கையுறை கட்டாயம். எபாக்ஸி அடிக்கடி தோலில் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. தேய்க்கும்போது முகக்கவசம் வேண்டும். துடைக்கப் பயன்படும் அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். அடுப்பு, பூஜை விளக்கு, தீபாவளிக்கு வாங்கி வைத்த பட்டாசுப் பெட்டி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. குழந்தைகள் வேலை முடிந்தபின் வந்து பார்த்தால் போதும்.

கண்ணாடி உள்ளிருந்து

முன்சட்டத்தில் கண்ணாடியை உள்பக்கமாக வைத்து ஒட்ட வேண்டும். அப்போது தண்ணீரின் தள்ளுவிசையே கண்ணாடியைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்தும். வெளிப்பக்கம் ஒட்டினால் அதே விசை பெயர்த்துத் தள்ளும். இந்த அளவுத் தொட்டிக்குக் கண்ணாடி 12 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மேல்விளிம்பு வெளியே பிதுங்காமல் இருக்கக் குறுக்குச் சட்டமும் வேண்டும்.

சிலிக்கான் வெறும் மரத்தில் சரியாகப் பிடிக்காது. எபாக்ஸி பூசி, தேய்த்து, துடைத்துச் சுத்தமான பரப்பில்தான் பிடிக்கும். குளியலறைக்கு விற்கும் பூஞ்சை தடுப்புச் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். பூஞ்சையைக் கொல்லும் மருந்து மீனையும் கொல்லும். அக்வேரியத்துக்கு உகந்தது என்று அச்சிட்ட டியூப்தான் சரி. கண்ணாடியை ஒரேயடியாக அழுத்திச் சிலிக்கானை முழுக்கப் பிதுக்கிவிடாமல், இடையில் மூன்று மில்லிமீட்டராவது தங்கவிட வேண்டும்.

இங்கேதான் இந்த ஊருக்கு ஒரு வேடிக்கை. சிலிக்கான் வெயிலில் உலர்வதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகுகிறது. வறண்ட காற்றில் அது மெதுவாகவே நடக்கும். மேலே தோல் கட்டியதைப் பார்த்து உள்ளேயும் இறுகிவிட்டது என்று நம்பக் கூடாது. ஒரு வாரம் தொடாமல் விட வேண்டும். எபாக்ஸி முழுப் பலம் பெறுவதற்கும் அதே ஒரு வாரம் தேவை.

மீனுக்கு முன் தண்ணீர்

முதல் நாள் கால் தொட்டி, மறுநாள் அரை, அதற்கு மறுநாள் முழுத் தொட்டி. அடியைச் சுற்றிப் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால் ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வாரம் முழுத் தண்ணீரோடு நிற்கட்டும்.

ஒழுகினால் மேலே இன்னொரு கோடு சிலிக்கான் இழுத்துச் சமாளிக்கக் கூடாது. இறுகிய சிலிக்கானில் புதுச் சிலிக்கான் சரியாகப் பிடிக்காது. தண்ணீரை இறக்கி, பழையதைக் கத்தியால் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுவதே வழி. ஒழுகாமல் நின்றால் அந்தத் தண்ணீரை வடித்து, தொட்டியை இருமுறை அலசிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். சோதனைத் தண்ணீர் குடிக்க உதவாது, தரை கழுவலாம்.

மீன் வருவதற்கு இன்னும் மூன்று, நான்கு வாரம் இருக்கிறது. மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற அந்த நாட்கள் வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டு மாத வேலை. விடுமுறைக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தும் பிள்ளைகளிடம் காலியான தொட்டியைக் காட்டிக் காரணத்தைச் சொல்லலாம். இரண்டு மாதம் காத்திருந்தால் பல வருடம் பார்க்கலாம். ஒரு வாரத்தைக் குறைத்தால் ஒரே இரவில் 45 குடம் தண்ணீரும் தரையில் ஓடிவிடும்.