முகப்பை நம்பாதீர், முதுகைத் திருப்புங்கள்!



தாத்தாவின் பழைய கைக்கடிகாரம் அலமாரியிலிருந்து வெளிவந்ததும் நம்மவர் செய்வன இரண்டு. கைப்பேசியில் படமெடுத்து, “இது என்ன மாதிரி? என்ன விலை போகும்?” என்று ஊருக்கெல்லாம் அனுப்புவர். பிறகு கடையில் கொடுத்து, முகப்புக்குப் புதுச்சாயம் பூசி, கூட்டையும் பளபளவெனத் தீட்டி வாங்கி வருவர். இவ்விரண்டையும் நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

பினாங்கில் நம் வீடுகளில் நான் மிகுதியாகக் கண்டது சீக்கோ 5. அது 1963-இல் தோன்றியது. ஆனால், அது ஒரு மாதிரியின் பெயரன்று, பெருங்குடும்பத்தின் பெயர். அதை மட்டும் படித்துவிட்டு மாதிரியை அறிந்துவிட்டோம் என்பது, ஊர்ப்பெயரைக் கேட்டுவிட்டு ஆளைத் தெரிந்துகொண்டோம் என்பது போலாகும்.

கடிகாரத்தைத் திருப்புங்கள். திறக்க வேண்டா, எண்கள் பின்மூடியின் வெளிப்புறத்திலேயே உள்ளன. நான்கு இலக்கம், சிறுகோடு, மீண்டும் நான்கு இலக்கம். முன்னது உள்ளியந்திரத்தின் எண். பின்னது கூட்டின் எண். இரண்டும் சேர்ந்ததே மாதிரி. ஆறிலக்க வரிசை எண் தனியே இருக்கும். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். (அக்டோபருக்குச் சுழியம், நவம்பருக்கு ‘என்’, டிசம்பருக்கு ‘டி’.) வரிசை எண் 24 எனத் தொடங்கினால் ஏப்ரல் மாதம். ஆண்டு 1962-ஆ, 1972-ஆ, 1982-ஆ? இயந்திர எண்ணைப் பாருங்கள். 6119 என்றிருந்தால், அவ்வியந்திரம் 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் செய்யப்பட்டது. ஆகவே 1972. நான்காம் ஆண்டு மாணவனுக்கு இது கடினமா? வாங்கிய ஆண்டு பிந்தியதாகவும் இருக்கலாம். அதைப் பாட்டியிடம்தான் கேட்க வேண்டும்!

முகப்பின் அடியோரத்திலும் நுண்ணெழுத்தில் இயந்திர எண் இருக்கும். அது பின்மூடியோடு ஒத்துப்போகாவிட்டால், முகப்பு வேறொரு கடிகாரத்தினது என்று ஐயுறலாம். சாயம் பூசும்போது அழிந்துபோவது இந்த நுண்ணெழுத்துதான்.

தமிழகத்து உறவினர் கொண்டுவந்த எச்.எம்.டி. கடிகாரமும் சில வீடுகளில் உண்டு. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையோடு 1961-இல் பெங்களூரில் உருவான இந்திய அரசு நிறுவனக் கடிகாரம் அது. அக்கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் இந்திய அரசு முடிவெடுத்தது. இன்று இணையத்தில் விற்கப்படும் ‘ஜனதா’, ‘பைலட்’ பலவும் பச்சை, ஆரஞ்சு எனப் புதுச்சாயம் ஏறியவை. ஆலையில் பிறக்காத முகம்! படம் பார்த்து விடைசொல்லும் கைப்பேசியோ அந்த முகத்தைத்தான் நம்பும். லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் விவரம் அறிந்தவர்கள் கடிகாரத்தைக் கையில் எடுத்ததும் பின்பக்கம் திருப்புகிறார்கள். அவர்கள் அறிந்ததை நாம் ஏன் அறியக்கூடாது?

“இது தேர்வில் வருமா?” என்பர் சிலர். நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடம் தன்னையும் குடும்பத்தையும் அறிவதில்தானே தொடங்குகிறது? துறைமுகத்திலும் தோட்டத்திலும் உழைத்த நம் முன்னோர் விட்டுச்சென்ற எழுத்துச் சான்றுகள் எத்தனை? ஆண்டும் மாதமும் பொறித்த பொருள் கையிலிருக்க, அதைத் தீட்டி அழிப்பது என்ன அறிவுடைமை?

ஒரு மாணவி கொண்டுவந்த கடிகாரத்தின் பின்மூடி கண்ணாடிபோல் மின்னியது. எண் ஒன்றுகூடத் தேறவில்லை. “புதுசு மாதிரி ஆக்கிட்டாங்க சார்!” என்றாள் பெருமையாக. அக்குழந்தையிடம் என்ன சொல்வது?

இந்த வார இறுதியில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, மெல்லிய துணி, ஒரு குறிப்பேடு எடுத்து வையுங்கள். பற்பசை போட்டுத் தேய்க்க வேண்டா. எண்களைப் பிள்ளையே படிக்கட்டும், பிள்ளையே எழுதட்டும். விலை கேட்பதென்றால் அதற்குப் பிறகு கேளுங்கள்.