அளவு யார் கையில்?

பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரத்தை மணல் அடைக்கிறது, பாடு குறைகிறது. மீனவக் குப்பங்களின் வாலிபர்களில் ஒரு பகுதியினர் வலையை விட்டுவிட்டு கும்மிடிப்பூண்டிக்கும் அம்பத்தூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். அங்கே சி.என்.சி. எனப்படும் கம்ப்யூட்டர் லேத்தின் முன் நிறுத்தப்படுகிறார்கள். கதவைத் திற, இரும்பை மாட்டு, பொத்தானை அழுத்து, வேலை அவ்வளவே. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், “அது உனக்கெதற்கு?” என்பார்கள்.

அது நமக்குத் தேவை.

ஏரியில் படகு தள்ளுகிறவர் கோலை ஊன்றுகிறார். ஆழம் கைக்குத் தெரிகிறது. நீரோட்டம் படகை எவ்வளவு விலக்கியது என்று கண் சொல்கிறது. அடுத்த ஊன்றில் அந்த அளவுக்குத் திருத்துகிறார். சர்வோ செய்வதும் இதே காரியந்தான். மோட்டாரின் பின்புறம் என்கோடர் என்ற சிறு பெட்டி இருக்கிறது. அதற்குள் நுண்ணிய கோடுகள் போட்ட கண்ணாடித் தட்டு சுழலும். ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஒளியை உணரும் கண். தட்டில் 2,500 கோடுகள் என்று வைத்துக்கொள்வோம். கோட்டுக்கு நாலு துடிப்பாக எண்ணினால் சுற்றுக்கு 10,000. ஒரு சுற்றில் திருகு 10 மில்லிமீட்டர் தள்ளினால், ஒரு துடிப்பு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு! போகச் சொன்னது எவ்வளவு, போனது எவ்வளவு என்று சர்வோ டிரைவ் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஒத்துப் பார்த்து, மோட்டாருக்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. வித்தியாசம் எல்லை மீறினால் இயந்திரம் நின்றுவிடும். பானுக் இயந்திரத்தின் திரையில் 411 என்ற எண் விழுவது இதனால்தான். சிப்ஸ் அடைத்திருக்கும், அல்லது பேரிங் தேய்ந்திருக்கும். திட்டு வாங்குவதோ பொத்தான் அழுத்திய பையன்.

இந்தக் கணக்கு முன்பு டர்னரின் கையிலும் காதிலும் இருந்தது. 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் ஒரு வழி கண்டார்கள். கைதேர்ந்த தொழிலாளி ஒரு தடவை வேலையைச் செய்வார். அவரது இயக்கம் காந்த நாடாவில் பதியும். பிறகு இயந்திரம் அதைத் திரும்பச் செய்யும். தொழிலாளியின் திறமை இல்லாமல் அது நடவாது. அமெரிக்க விமானப் படையின் பணமோ வேறு பக்கம் போயிற்று. 1952-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட நாடாவின் எண்களால் ஓடும் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார்கள். நாடா தயாரானது ஆபீஸ் மேஜையில். தொழிற்கூடத்தின் கடிவாளத்தைத் தொழிலாளியிடமிருந்து பறிக்கும் ஆசை இதில் இருந்ததை டேவிட் நோபிள் என்ற சரித்திராசிரியர் 1984-ல் வெளிவந்த நூலில் விரிவாகக் காட்டினார். விமானத்தின் சிக்கலான வளைவுகளைக் கைச்சக்கரத்தால் ஒரே மாதிரி கடைவது கடினம் என்பதும் உண்மையே. இயந்திரத்தோடு நமக்குப் பகையில்லை.

ஆனால் விநாடிகளை மிச்சம் பிடிக்க, கதவுப் பூட்டை ஏமாற்றி ஓட்டச் சொல்லும் சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள். என்கோடர் எண்ணுவது தட்டின் கோடுகளைத்தான். இடையே விரல் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

தோழர்கள் கோரிக்கை மனுவில் சம்பளத்தோடு இவற்றையும் எழுத வேண்டும்: கதவுப் பூட்டில் யாரும் கைவைக்கக் கூடாது, அலாரம் எண்களின் விளக்கம் இயந்திரத்தின் பக்கத்திலேயே தமிழில் தொங்க வேண்டும், புரோகிராம் எழுதவும் அளவு திருத்தவும் வேலை நேரத்திலேயே, சம்பளத்துடன் கற்றுத்தர வேண்டும், முழு உற்பத்தி தருகிறவரை ‘டிரெயினி’ என்ற பெயரில் வருஷக்கணக்கில் வைத்திருப்பதை நிறுத்த வேண்டும்.