எது போகாது?

போன பொங்கலுக்கு முன்னால் எங்கள் வீட்டைச் சுத்தம் செய்ய ஒரு நிறுவனத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கூடத்துப் பளிங்குத் தரையில் வெளுத்துக் கிடந்த திட்டுகளை மேற்பார்வையாளரிடம் காட்டினேன். “போயிடும் சார், நூத்துக்கு நூறு” என்றார். குனிந்து விரலால் தடவிப் பார்த்த பெண்ணோ, “இது அழுக்கு இல்லீங்க ஐயா. யாரோ விவரம் தெரியாம ஆசிட் ஊத்தியிருக்காங்க. தேய்ச்சாப் போகாது, பாலீஷ்தான் போடணும்” என்றாள்.

அந்த விவரம் தெரியாத ‘யாரோ’ நான்தான்!

அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. பளிங்கு சுண்ணாம்புச் சாதிக் கல். ஆசிட் பட்டால் மேற்பரப்பே கரைந்துவிடும். கரைந்த கல்லை எந்தச் சோப்பு மீட்டுத் தரும்? ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. மாலையில் கைபேசியில் நிறுவனத்தார் அபிப்பிராயம் கேட்டபோது, ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டு, ‘அந்தப் பெண்ணுக்குப் பேசத் தெரியவில்லை’ என்று ஒரு வரியும் எழுதினேன். தீபாவளிக்கு அவள் வரவில்லை. “புகார் வந்ததால நிறுத்திட்டோம் சார்” என்றார்கள், எனக்கு ஏதோ உபகாரம் செய்துவிட்ட குரலில்.

இதை ஏன் ஊரறியச் சொல்கிறேன்? இந்தத் தொழிலில் பொய்யைப் பயிர் செய்கிறவர்கள் முதலாளிகள் மட்டுமே என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். விதை நெல் நம் வீட்டுக் கூடத்திலல்லவா இருக்கிறது!

“வாடிக்கையாளரிடம் இங்கிதம் வேண்டாமா?” என்பீர்கள். அவசியம் வேண்டும். ஒரு வீட்டுக் கட்டிலடியில் கண்டதை அடுத்த வீட்டு வாசலில் பேசாதிருப்பது இங்கிதம். மாமியார் எதிரில் மருமகளின் சமையலறைப் பிசுக்கைப் பற்றி வாய் திறக்காதிருப்பது இங்கிதம். ஆனால், போகாத கறையைப் போகும் என்று சொல்லிப் பணம் வாங்குவதற்கும் அதுதானா பெயர்? ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் கலந்து ஊற்றச் சொல்லும் எஜமானியிடம், குளோரின் என்ற நச்சுக் காற்று கிளம்பும் என்று தெரிந்தும் தலையாட்டுவது இங்கிதமா? அந்தத் தலையாட்டலுக்கு விலை கொடுப்பது ஏழையின் நுரையீரல்!

வள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். வாய்மைக்கும் தனியே ஓர் அதிகாரம் வைத்தார். ஒன்றிருந்தால் மற்றது வேண்டாம் என்று அவர் கருதவில்லை. நாமோ முன்னதை வேலைக்கு வருகிறவர்கள் தலையில் கட்டிவிட்டு, பின்னதைக் கிழித்தெறிந்துவிட்டோம். பூச்சாடியை உடைத்தவள் ஒப்புக்கொண்டால் கூலியில் பிடிக்கிறோம்; மறைத்தவள் தப்பிவிடுகிறாள். பிறகு, ‘இந்த ஜனங்களிடம் நாணயமே இல்லை’ என்று அங்கலாய்க்கிறோம். நாணயத்துக்கு அபராதம் போடுகிற வீட்டில் நாணயம் எப்படித் தங்கும்?

இனி ஆட்கள் வந்தால், வேலை தொடங்குமுன், “எது போகாது?” என்று கேளுங்கள். பதிலை முகம் சுளிக்காமல் கேளுங்கள். ஐந்து நட்சத்திரத்தை அந்தப் பதிலுக்குக் கொடுங்கள். நான் கொடுக்கத் தவறினேன். என் வீட்டுத் தரையில் அந்தத் திட்டுகள் அப்படியே இருக்கின்றன. நூற்றுக்கு ஒன்றுகூடப் போகவில்லை.