தடம் தெரிந்தால் வழியாகிவிடுமா?

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, சேற்றைப் பிடிக்கும் டயர், கைத்தொலைபேசியில் செய்மதிப் படம். இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் காட்டுப் பயணத்துக்கான திட்டம் முடிந்தது என்ற நம்பிக்கை, இலங்கையின் கிழக்குக்கு வரும் ஜீப்காரர் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. வெருகலைப் பொறுத்தவரை அதற்குத் துணையாக இன்னொரு நம்பிக்கையும் உண்டு: மகாவலியின் கிளையான வெருகலாற்றுக்கும் கடலுக்கும் நடுவே கிடப்பது அரச காணி, ஆளில்லாத வெளி, ஆகவே தடம் தெரிகிற இடமெல்லாம் பொதுவழி. இரண்டுமே பிழை. இரண்டாவதுதான் கேடு கூடியது.

அந்த வெளி ஆளில்லாததாகத் தெரிந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2006 இல் மாவிலாற்றில் மூண்ட போர் ஈச்சிலம்பற்று, வெருகல் மக்களைக் குடும்பம் குடும்பமாகக் கிளப்பியது. 2007 இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். இன்று அங்கே தெரியும் ஒவ்வொரு கோடும் யாரோ ஒருவர் வயலுக்கோ சேனைக்கோ மாட்டுப்பட்டிக்கோ கரைவலைக்கோ போய்வந்து பதிந்த கோடு. கிழக்கில் ஆற்றைக் கடத்திவிடும் மிதவைக்கும் 'பாதை' என்றுதான் பெயர். ஏ15 வீதியில் வெருகல் பாலம் வரும்வரை அப்படியொரு பாதைக்காகத்தான் வாகனங்கள் கரையில் காத்துக்கிடந்தன. அந்தப் பாதைக்கு ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். அவர் சொன்னால்தான் ஏறலாம். மண் பாதைக்கும் அப்படி ஆள் உண்டு, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

செய்மதிப் படத்தில் வண்டில் தடமும் குளக்கட்டும் ஒரே மாதிரி மெல்லிய கோடுகள். ஆனால் குளக்கட்டு என்பது தண்ணீரை மறிக்கப் போட்ட மண். ஈரத்தில் கனமான வண்டி ஏறினால் இரண்டு சக்கரத் தடமும் இரண்டு வாய்க்காலாகும். அடுத்த மழையில் தண்ணீர் அதற்குள் தேங்கி, தாழ்ந்த இடம் தேடி ஓடி, கட்டின் ஓரத்தை அரித்துக்கொண்டு இறங்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மாவிலாற்றுக் கட்டு உடைந்ததைப் பார்த்த ஊர்கள் இவை. அந்த உடைப்புக்கு ஜீப்பைக் குற்றம் சொல்லவில்லை, அது பெருவெள்ளத்தின் வேலை. ஆனால் மண் கட்டு எதற்காக நிற்கிறது என்பதை அந்த ஊர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

உழவு இயந்திரம் போகிற தடத்தில் ஜீப் போனால் என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உழவு இயந்திரக்காரர் பள்ளம் விழுத்தினால் மறுநாள் நெல் மூட்டையோடு அவரேதான் அதில் இறங்கி ஏறவேண்டும். மண் போட்டு நிரப்புவதும் அவர்தான். ஜீப்காரர் அந்நேரம் கொழும்பில் வண்டி கழுவிக்கொண்டிருப்பார். சுற்றுலாவால் ஊருக்குக் காசு வரும் என்பது அடுத்த வாதம். டீசல் முதல் ஐஸ் பெட்டிவரை நகரத்திலேயே ஏற்றிக்கொண்டு வருகிறவரால் ஒரு தேநீர்க்கடைக்கு வரும் வருமானத்தோடு அந்த வாதம் முடிந்துவிடுகிறது. வெளிநாடுகளில் தடையில்லாமல் ஓட்டுகிறார்களே என்பதுதான் கொஞ்சம் வலுவாகத் தோன்றுவது. உண்மை நேர்மாறானது. அமெரிக்க வனச்சேவை 2005 இல் கொண்டுவந்த விதிப்படி, தேசிய காடுகளில் மோட்டார் வண்டிக்கென ஒதுக்கிய தடங்கள் வரைபடத்தில் குறிக்கப்படுகின்றன. எந்த வகை வண்டி, எந்த மாதங்கள் என்பதும் அதிலேயே இருக்கும். படத்தில் இல்லாத தடம் மூடிய தடம். நம் நாட்டில் அப்படி ஒதுக்கிய தட வலையமைப்பே இல்லை. அதை 'எல்லாம் திறந்திருக்கிறது' என்று வாசிப்பது வசதியான வாசிப்பு.

மாரி வெள்ளத்தைத் தவிர்த்து, காய்ந்த மாதத்தில் வந்தால் போதும் என்பதும் அரைக் கணக்குத்தான். ஆடி, ஆவணியில் சிறுபோக அறுவடை நடக்கும். ஒரு வண்டி மட்டுமே கொள்ளும் கட்டில், எதிரே நெல் ஏற்றிய பெட்டியோடு உழவு இயந்திரம் வந்து நிற்கும்போது, யார் பின்னால் எடுப்பது? இழுவைப் பெட்டியோடு பின்னால் எடுப்பது எவ்வளவு சிரமம் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். முதல் நாளே கிராம சேவகரிடமோ கமக்காரர் அமைப்பிலோ ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அன்றைக்கு அந்தக் கட்டில் அறுவடை போகிறது என்று சொல்லியிருப்பார்கள்.